வீட்டோடு கெவெலாருக்கு

மடுத் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிச் சென்ற தலைமுறையினருக்குக் கரவன் என்றால் என்னவென்று நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. அரிசி மூட்டை, சட்டி பானை, பாய் தலையணை யாவற்றையும் வண்டியில் ஏற்றி, காட்டு வழியே சென்று, மருதமடுவின் மரநிழலில் கொட்டில் போட்டு, நவநாள் முடிந்து திருநாள் ஆசீர் பெறும் வரை அங்கேயே சமைத்து, உண்டு, உறங்கி, செபித்துத் திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அந்த வண்டிக்குக் கூரையும் கதவும் சன்னலும் வைத்து, உள்ளே கட்டிலும் அடுப்பும் கழிவறையும் அமைத்து, எருதுகளுக்குப் பதிலாகக் காரைப் பூட்டினால் அதுவே கரவன். ஐரோப்பியர் இதனை விடுமுறை இன்பத்திற்கென்று வைத்திருக்கின்றனர். திருயாத்திரைக்கும் இதைவிடப் பொருத்தமான ஊர்தி இல்லை என்பதே எங்கள் எண்ணம்.

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் நாங்கள், இவ்வாண்டு முதன் முறையாக எங்கள் கரவனைக் கடல் கடந்து கொண்டு செல்ல ஆயத்தம் செய்துள்ளோம். போகும் இடம், ஜேர்மனியின் கீழ் ரைன் பகுதியில், ஒல்லாந்து எல்லையோரமாக உள்ள கெவெலார் திருத்தலம். காரில் செல்வோர் ஐவர்: நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எழுபத்தெட்டு வயதான எங்கள் தாயார். இப்பயணம் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதை எழுதினால், புலம்பெயர் நாடுகளிலிருந்து இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுக்கு உதவும். தாயகத்தில் இருப்போர் தம் உறவினர் மேற்கொள்ளும் யாத்திரைகளின் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்வர்.

கெவெலாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது முறை. 1641ஆம் ஆண்டின் நத்தார் காலத்தில் ஹென்றிக் பூஸ்மன் என்னும் எளிய வணிகர் அவ்வழியே சென்றபோது, வழியோரச் சிலுவை ஒன்றின் அருகே, அவ்விடத்தில் ஒரு சிற்றாலயம் எழுப்புமாறு தமக்கு ஒரு குரல் கேட்டதாக அறிவித்தார். 1642 ஜூன் முதலாம் நாள், அவர் கட்டிய சிறு மாடத்தில் லக்சம்பேர்க் நகரின் ‘துன்புறுவோரின் ஆறுதல்’ அன்னையின் படம் ஒன்று வைக்கப்பட்டது. பெரிய சுரூபமன்று, ஓவியமுமன்று. செப்புத் தகட்டிலிருந்து காகிதத்தில் அச்சிட்ட, உள்ளங்கையளவேயான படம். அதைச் சூழ 1654இல் அறுகோண வடிவில் கட்டிய சிற்றாலயமும், அதற்குச் சற்று முன்னரே எழுந்த மெழுகுதிரிச் சிற்றாலயமும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பெற்று உட்சுவரெங்கும் வண்ணந் தீட்டிய பெருங்கோவிலும் இன்று ஒரே சதுக்கத்தில் நிற்கின்றன. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987 மே மாதம் இங்கு வந்து செபித்துச் சென்றார்.

தமிழருக்கு இவ்வூர் நெருக்கமானதற்குக் காரணம் வேறு. 1980களில் ஈழத்திலிருந்து ஏதிலிகளாக ஜேர்மனி வந்து சேர்ந்தோர், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் இங்கே ஆண்டுதோறும் கூடத் தொடங்கினர். ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை ஜேர்மனி மட்டுமன்றிப் பிரான்சு, சுவிற்சர்லாந்து, ஒல்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் தமிழர் ஆயிரமாயிரமாய்த் திரள்வர். தமிழில் திருப்பலி, அன்னையின் திருவுருவப் பவனி, தமிழ் உணவுக் கடைகள், பல ஆண்டு காணாத உறவினரைக் கண்டு விடும் கண்ணீர் என்று அந்த ஒரு நாள் கழியும். மடுவில் எப்படியோ அப்படியே, இங்கும் சைவ சமயத்தவர் பெருந்தொகையாய் வந்து மெழுகுதிரி ஏற்றுவர்.

இவ்விரு தலங்களுக்கும் வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. அது பலர் கவனத்திற்கு வராதது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருக்கள் விரட்டப்பட்டனர். மாந்தைக் கத்தோலிக்கர் தம் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தது 1670ஆம் ஆண்டளவில் என்பது மரபு. அதே காலத்தில், அதே ஒல்லாந்துக் குடியரசு தன் சொந்த நாட்டிலும் கத்தோலிக்கரின் பகிரங்க வழிபாட்டைத் தடுத்திருந்தது. எனவே அந்நாட்டுக் கத்தோலிக்கர் எல்லை கடந்து, அந்நாளில் ஸ்பானிய ஆட்சியில் இருந்த கெவெலாருக்கு நடந்து சென்றனர். ஒரே அரசின் கெடுபிடியால் ஒருபுறம் மடுவும் மறுபுறம் கெவெலாரும் மக்களின் புகலிடமாயின. மடு மாதாவின் திருவுருவம் 2008 ஏப்ரலிலும் போரின் நடுவே தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டிலேயே மீண்டதை வாசகர் அறிவர்.

எங்கள் தாயார் சிறுமியாய் மாட்டு வண்டியில் மடுவுக்குப் போனவர். 2009ஆம் ஆண்டிலிருந்து செய்தியற்றுப் போன தம் மகனுக்காக மடு மாதாவிடம் அவர் வைத்த நேர்த்தி ஒன்று நிறைவேறாமல் நிற்கிறது. நீண்ட விமானப் பயணம் இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மடுவுக்குப் போக முடியாதெனில், ஆறுதல் அன்னை என்னும் பெயர் கொண்டவளிடமாவது போக வேண்டுமென்பது அவர் விருப்பம். இங்கிலாந்திலிருந்து கெவெலாருக்குப் பேருந்துகள் போகின்றனதான். ஆயினும் முழங்கால் மடக்க முடியாமலும், நாளுக்கு நான்கு முறை இன்சுலின் ஏற்றிக்கொண்டும், இரவெல்லாம் ஒரே இருக்கையில் அவர் அமர்ந்து செல்வது எவ்வாறு? நினைத்த இடத்தில் நிறுத்தி, தம் சொந்தக் கட்டிலில் கால் நீட்டவும், தமக்குப் பழகிய கழிவறையைப் பயன்படுத்தவும் இடந்தரும் ஊர்தி ஒன்றே வழி. கரவன் அதனால்தான்.

முதலில் நாங்கள் இருவரும் லூர்து நகரையே கருதினோம். பிள்ளைகளோ பாரிசும், சுவிற்சர்லாந்தின் பனிமலையும், உரோமையும் என்று படத்தில் கோடிழுத்தனர். கலே துறையிலிருந்து லூர்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல். வயதானவரோடு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோமீற்றர் என்று வைத்தால் போகவே ஒரு வாரம், வரவும் ஒரு வாரம். பிரான்சின் சுங்கச் சாலைகளில், இரண்டு மீற்றரைத் தாண்டிய உயரமுள்ள கரவனை இழுக்கும் கார் இரண்டாம் வகுப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். இக்கணக்கைக் கேட்டிருந்த தாயார், “எல்லாம் ஒரே மாதா தானே பிள்ளை, கிட்டக் கிடக்கிற இடத்துக்குப் போவம்” என்று முடித்துவிட்டார்.

முதற் பயணத்திலேயே ஐந்து நாடுகளைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை நம்மவரிடம் மிகுதி. அவ்வாறு சென்றோரை விசாரித்தால், பார்த்தது நெடுஞ்சாலையும் பெற்றோல் நிலையமுமே என்று தெரியவரும். குடும்பத்தில் யார் மிக மெல்ல நடப்பவரோ அவருடைய நடைக்கு ஏற்பவே நாள்கள் வகுக்கப்பட வேண்டும்.

எனவே வழி இவ்வாறாயிற்று. கலேயிலிருந்து கடலோரமாய் பெல்ஜியத்துள் நுழைந்து புரூஜ் நகரில் இரண்டு இரவு. அங்கிருந்து பிரசல்ஸ் சுற்றுவழியால் லூவேன் கடந்து, ஸ்கேர்பென்ஹொய்வல் அருகே இரண்டு இரவு. பின்னர் ஒல்லாந்தின் தென்கோடியை ஊடறுத்துக் கெவெலாரில் ஆறு இரவு. திரும்புகையில் புரூஜ் பக்கம் ஓர் இரவு. ஒருவழித் தொலைவு நானூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். இவ்வழியில் கார்களுக்குச் சாலைச் சுங்கம் இல்லை என்பது கூடுதல் ஆறுதல். அன்ற்வேர்ப், பிரசல்ஸ் நகரங்களின் உட்பகுதிகள் புகை குறைந்த வாகனங்களுக்கென ஒதுக்கப்பட்டவை. வெளிநாட்டுக் கார்கள் முன்கூட்டியே பதிவு செய்யாமல் அங்கு நுழைந்தால் தண்டம். கரவனோடு நகர நடுவே போக எங்களுக்கு வேலையுமில்லை.

ஆறு இரவு என்று கெவெலாருக்கு ஒதுக்கியதில் பக்தி மட்டுமல்ல, விசாக் கணக்கும் உண்டு. எங்கள் நால்வரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. நூற்றெண்பது நாளுக்குள் தொண்ணூறு நாள் வரை செங்கன் நாடுகளில் விசாவின்றித் தங்கலாம். தாயாரோ இலங்கைக் கடவுச்சீட்டை இன்னும் விடாதவர். “அதையும் விட்டால் எனக்கு ஊர் ஏது” என்பார். அவருக்கு விசா வேண்டும். எந்த நாட்டில் மிகுதியான நாள்கள் தங்குகிறோமோ, அந்த நாட்டினிடமே விண்ணப்பிக்க வேண்டுமென்பது விதி. முதலில் நுழையும் நாடு கணக்கில் வருவது தங்கும் நாள்கள் சமமாயிருந்தால் மட்டுமே. பெல்ஜியத்தில் ஐந்து இரவு, ஜேர்மனியில் ஆறு இரவு என்று அமைந்ததால், பிரான்சு வழியாக நுழைந்தும் விண்ணப்பம் ஜேர்மனிக்குச் சென்றது. விண்ணப்பத்தைப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம்; பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏலாது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். வழங்கப்பட்டுப் பத்தாண்டு கடந்திருக்கவும் கூடாது.

கரவனில் போவோருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். தங்குமிடத்திற்கு ஆதாரம் கேட்கும்போது, விடுதிச் சீட்டு நம்மிடம் இராது. முகாம் திடல்களில் நாம் வாடகைக்குப் பெறுவது ஒரு துண்டு நிலம். அந்தப் பதிவுக் கடிதத்தில் பெரும்பாலும் பணம் கட்டியவர் பெயர் மட்டுமே இருக்கும். ஐவர் பெயரையும், தங்கும் ஒவ்வோர் இரவையும் எழுதித் தருமாறு மூன்று திடல்களுக்கும் எழுதிக் கேட்டுப் பெற்றோம். முதற் கடிதத்திற்கே நட்போடு பதில் எழுதியது கெவெலார்ப் பக்கத்துத் திடல். ஆகஸ்ட் இரண்டாம் சனியென்றதும் வருவது தமிழர் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. அந்த வாரத்திற்கு இடம் வேண்டுவோர் குளிர்காலத்திலேயே பதிந்துகொள்வது நல்லது.

இனிப் பாரம். கரவன் பயணத்தில் தொலைவைவிட, விசாவைவிட, முக்கியமானது இதுவே. ஒவ்வொரு கரவனுக்கும் இரண்டு எடை உண்டு: தொழிற்சாலையிலிருந்து வெறுமையாய் வரும் எடை, ஏற்றிய பின் தாண்டக்கூடாத எடை. எங்களுடையது 1,180, 1,330. இடையில் இருப்பது 150 கிலோ. ஐந்து பேரின் பதினொரு நாள் வாழ்வு அதற்குள் அடங்க வேண்டும். புதியவர்கள் இழுக்கும் கரவனின் உச்ச எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அனுபவசாலிகளின் அறிவுரை. எங்கள் கார் 1,600 கிலோ. எண்பத்தைந்து விழுக்காடு 1,360. அந்த அளவில் பொருத்தந்தான்.

பட்டியலிட்டுக் கூட்டினோம். மின்கலம் இருபது, எரிவாயுக் குடுவை பதினைந்து, முன்பந்தல் இருபத்தைந்து, மேசை நாற்காலி பதினைந்து, படுக்கை விரிப்பு பதினைந்து, பாத்திரம் பதினைந்து, உணவுப் பொருள் இருபது, உடுப்பு முப்பது. நூற்றைம்பத்தைந்து! தண்ணீர் இன்னும் சேரவில்லை. லீற்றருக்கு ஒரு கிலோ வீதம் அதுவும் ஏறும். ஆகவே தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கியே புறப்பட வேண்டும், திடலில் நிரப்பிக்கொள்ளலாம். முன்பந்தல் விடப்பட்டது. சம்பல் அரைக்கச் சிறிய அம்மியொன்றைத் தாயார் மூலையில் மறைத்து வைத்திருந்ததைப் பிள்ளைகள் கண்டுபிடித்தனர். நிறுத்தபோது பதினொரு கிலோ. அவர் மறுப்பின்றிச் சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டார். மாட்டு வண்டியிலும் தகப்பனார் அதை ஏற்ற விடவில்லையாம்.

எவ்வளவு பாரம் என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் பார்க்கப்பட வேண்டும். கனமானவை அச்சுக்கு நேரே, தரையோடு தாழ இருத்தல் வேண்டும். பின்பக்கம் கனத்தால் கரவன் வால் ஆட்டத் தொடங்கும். கரவனின் மூக்கு, காரின் கொளுவியை அழுத்தும் பாரம் மொத்த எடையில் ஐந்து முதல் ஏழு விழுக்காடு. எங்களுக்கு 66இலிருந்து 93 வரை. கார் தாங்குவது எண்பது என்பதால் எழுபத்தைந்தில் நிறுத்தினோம். வழியில் கரவன் பாம்புபோல் நெளியுமானால் பிரேக்கை மிதித்தல் ஆகாது. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றியை நேரே பிடித்து, வேகம் தானாய்க் குறைய விட வேண்டும். சில்லுகளின் ரயரை அதன் தேய்மானத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது. ஆண்டின் பெரும்பகுதி ஒரே இடத்தில் நிற்பதால் கரவன் ரயர் தேயாமலே கிழடாகிவிடும். பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஐந்தாண்டு கடந்தவற்றை மாற்றிவிட்டோம்.

எவரையும் ஓடும் கரவனுக்குள் இருத்தலாகாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். “பின்னுக்குப் படுத்துக்கொண்டு வரலாந்தானே” என்று கேட்ட உறவினர் பலர்.

சட்டம் கேட்பவை அதிகமில்லை. கரவனின் அகலம் காரைத் தாண்டுவதால் இருபுறமும் நீட்டுக் கண்ணாடி. வலப்புற ஓட்டத்துக்கு முகப்பு விளக்கின் ஒளியைத் திருப்பும் ஒட்டுத்தாள். எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேற்சட்டைகள், முதலுதவிப் பெட்டி. 2021 செப்ரெம்பர் 28 முதல் பிரித்தானிய வாகனங்கள் வெளிநாட்டில் பழைய எழுத்தை விடுத்து யூ.கே. என்னும் அடையாளத்தையே ஒட்ட வேண்டும். கரவனின் பின்புறத்திலும் அது வேண்டும். கரவன் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கச் செய்யும் கம்பியைக் கொளுவும் பந்தில் வெறுமனே சுற்றிவிடுவது இங்கிலாந்தில் வழக்கம். ஒல்லாந்தில் அது ஏற்கப்படாது. தனி வளையத்தில் மாட்ட வேண்டும். வேகமும் நாட்டுக்கு நாடு மாறும். ஒல்லாந்தில் கரவனுக்கு மணிக்கு 90 கிலோமீற்றர், ஜேர்மனியில் தனி அனுமதி பெறாதவற்றுக்கு 80. தாயாரோடு செல்கையில் எண்பதே எங்களுக்கு எல்லா நாட்டிலும் போதும்.

கடலைக் கடக்கக் கப்பலா சுரங்கமா என்னும் கேள்விக்கும் அவருடைய முழங்காலே விடை கூறிற்று. டோவரிலிருந்து கலேக்குக் கப்பல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கப்பல் புறப்படுமுன் எல்லாரும் வாகனத்தை விட்டு மேற்தட்டுக்கு ஏற வேண்டும். 1994இல் திறந்த கால்வாய்ச் சுரங்கத்திலோ காரையும் கரவனையும் புகையிரதப் பெட்டிக்குள் ஓட்டி, காரிலேயே அமர்ந்திருக்கலாம். முப்பத்தைந்து நிமிடத்தில் பிரான்சு. எரிவாயுக் குடுவையின் வாயை அடைத்து வைத்தால் போதும். பிரெஞ்சு அதிகாரிகள் இங்கிலாந்து மண்ணிலேயே, போக்ஸ்ரன் நகரில், கடவுச்சீட்டைப் பார்த்துவிடுகின்றனர். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் விரலடையாளமும் பதியத் தொடங்கியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரிடம் விரலடையாளம் எடுப்பதில்லை. முதன்முறை பதிவோர் நேரத்தோடு போக வேண்டும்.

குடும்பத் தலைவியர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. பிரித்தானியாவிலிருந்து ஒன்றிய நாடுகளுக்குள் இறைச்சியும் பாலும், அவை சேர்ந்த பண்டங்களும் கொண்டுபோகத் தடை. ஆட்டிறைச்சிக் கறியும் நெய்யும் தயிரும் வீட்டிலேயே நிற்க வேண்டும். மரக்கறி, பழம், இலை வகைகளுக்கு நலச் சான்று கேட்பர். ஆகவே கறிவேப்பிலையும் போகாது. ஆனால் தேங்காயும் வாழைப்பழமும் அன்னாசியும் அவ்விதிக்கு விலக்கு. மீன் ஆளுக்கு இருபது கிலோ வரை கொண்டுபோகலாம் என்பதால் கருவாட்டுக்குத் தடையில்லை. பால்மாவை விடுத்துத் தேங்காய்ப்பால், கருவாட்டுக் குழம்பு, அரிசிமா, பருப்பு என்று சமையல் நிரல் தானாகவே அமைந்துவிட்டது. நவநாள் விரதத்துக்கும் பழுதில்லை.

சமையலிலும் ஒரு கணக்கு. திடல்கள் பலவற்றில் மின்சாரம் 6 அம்பியருக்கே. 230 வோல்ற்றால் பெருக்கினால் 1,380 வாற்று. இரண்டாயிரம் வாற்று கேத்தலைப் போட்டவுடன் திடலின் காப்புவிசை விழுந்துவிடும். 700 வாற்று சோற்றுப் பானை தாங்கும். இரண்டையும் ஒன்றாய்ப் போட எண்ணவே கூடாது. தேநீருக்கு எரிவாயு அடுப்பு. குளிர்பெட்டி காரோட்டத்தில் கார் மின்னாலும், நிற்கையில் திடல் மின்னாலும், இரண்டுமில்லாதபோது எரிவாயுவாலும் இயங்கும். இன்சுலின் அதன் பனித்தட்டைத் தொடாத நடுத்தட்டில் இருக்கும். உறைந்த இன்சுலின் பயனற்றது. மருத்துவரின் கடிதமும், மாற்று ஊசிகளும் தாயாரின் கைப்பையில்.

கடந்த மே மாதம் வீட்டிலிருந்து முப்பது மைல் தொலைவில் ஒரு திடலில் இரண்டு இரவு தங்கி ஒத்திகை பார்த்தோம். வெறுமையான திடலோரத்தில் பின்னோக்கி ஓட்டும் பயிற்சியும் நடந்தது. கரவனை இடப்பக்கம் தள்ள விரும்பினால் திசைமாற்றியை வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்பது அறிவுக்கு எளிது, கைக்குக் கடினம். தாயார் வாசற்படியில் நின்று பார்த்தார். முதலாம் படி அவருக்கு உயரம். பிடிச்சட்டம் உள்ள இரட்டைப் படியொன்று வாங்கியபின் தாமே ஏறினார். அன்றிரவு மழை கூரையில் கொட்டிற்று. விடிந்ததும், கொட்டிலுக்குள் இருந்து மழை கேட்டதுபோல் இருந்ததென்றார். ஐந்தாண்டாய் அவர் இவ்வளவு நேரம் உறங்கியதை நாங்கள் கண்டதில்லை.

வழியிலுள்ள தலங்களையும் அவருக்கேற்பவே அளந்தோம். புரூஜில் ஆண்டவரின் திரு இரத்தப் பேராலயம் உண்டு. விண்ணேற்றத் திருநாளில் அந்தத் திருப்பண்டத்தின் பவனி நகரையே நிறைக்கும். வீதிகளோ கல் பாவியவை, சக்கர நாற்காலிக்கு உகந்தவையல்ல. காலையில் ஒரு முறை, கிட்டிய வழியால் மட்டும் சென்று வருவோம். லூவேனில், கீழைநாட்டுக் குருமார் பலரும் பயின்ற, 1425இல் நிறுவிய பல்கலைக்கழகத்தின் அருகாமையில், மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889இல் அந்நோயாலேயே மரித்த புனித தமியானின் கல்லறை இருக்கிறது. 1936இல் அவர் உடல் தாய்நாடு கொண்டுவரப்பட்டது. 2009இல் புனிதர் பட்டம். பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் அவர் கதையைப் படித்திருப்பதால் இது அவர்களுடைய தெரிவு. ஸ்கேர்பென்ஹொய்வல் கோவில் ஏழு பக்கங் கொண்டது; பொன் விண்மீன்கள் பதித்த அதன் குவிமாடம் 1627இல் அபிஷேகமானது. தாயார் அங்கு வேண்டிய நேரம் இருக்கலாம்.

கெவெலாரில் சனிக்கிழமையைக் குறித்து மட்டும் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை. அன்று கூட்டம் மிகும். நெரிசலில் நாற்காலியைத் தள்ளுவது எளிதன்று. வெள்ளி மாலையே சிற்றாலயத்துக்குப் போய் நேர்த்தியை முடித்துவிடுவோம், சனியன்று திருப்பலிக்கு மட்டும் நேரத்தோடு போய் அமர்வோம் என்று நாங்கள் சொன்னோம். தாயார் உடன்படவில்லை. ஊர்ச்சனத்தின் நடுவே, பவனி போகையில்தான் மெழுகுதிரி ஏற்ற வேண்டுமாம். மகனுடைய கூட்டாளிகள் எவராவது, எந்த நாட்டிலிருந்தாவது, அன்று அங்கு வந்திருக்கக்கூடும் என்று அவர் சொன்னதற்குப் பின் நாங்கள் வாதிக்கவில்லை. நிழலான இடமாய்ப் பார்த்து நாற்காலியை எங்கே நிறுத்தலாமென்று, சென்ற ஆண்டு போய்வந்த நண்பர் ஒருவரிடம் கேட்டு எழுதிவைத்துள்ளோம்.

விசா பதித்த கடவுச்சீட்டு பதின்மூன்றாம் நாள் தபாலில் வந்தது. சென்ற வாரம் கரவனை முழுதாய் ஏற்றி, லொறிகளை நிறுக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். தட்டில் விழுந்த எண் 1,322. இன்னும் எட்டுக் கிலோ இடமுண்டு. தாயார் தம் கையால் வார்த்து வைத்திருக்கும் மெழுகுதிரியின் எடை இரண்டு கிலோ. அது எடைமேடைக்கு வரவில்லை. கரவனில் வைத்தால் வெயிலில் வளைந்துவிடும், மடியில் வைத்துக்கொண்டு வருவேன் என்கிறார்.